நிமிரும் வரை கைதட்டுங்கள்

குனிஞ்சேன், நிமிர முடியலை. அவ்வளவுதான் அண்ணாச்சி நான் செஞ்சது. மீதி எல்லாம் மத்தவங்க செஞ்சது.

பாளையங்கோட்டையில ஒரு கல்யாண வரவேற்பு. பொண்ணு மாப்பிள்ளை பெரிய மேடையில, நாங்க பக்கத்துல சின்ன மேடையில. சங்கரபாண்டி இன்னிசைக் குழு. நான் பேஸ் கிட்டார். ஆட்டப் பாட்டு ஒண்ணு முடியுற இடம். கடைசி நோட்டை இழுத்து வாசிச்சுக்கிட்டே ஸ்டைலா ஒரு குனி குனிஞ்சேன். இடுப்புக்குச் சரியா மேல, யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி 'டக்'னு ஒண்ணு. அப்புறம் பார்த்தா என் ஷூ தெரியுது, மேடையில விரிச்ச சிவப்புத் துணி தெரியுது. வேற எதுவும் தெரியலை.

பாட்டு முடிஞ்சு கைதட்டலும் முடிஞ்சு போச்சு. நான் அப்படியே நிக்கேன்.

எங்க மாஸ்டர் சங்கரபாண்டி இருக்காரே, மைக்கைப் பிடிச்சா அவரை நிறுத்த முடியாது. ஒரு நொடி என்னைப் பார்த்தாரு. உடனே, "நமது பேஸ் கிட்டார் கலைஞர் இசக்கிராஜ், மணமக்களைத் தலைவணங்கி வாழ்த்துகிறார்! அவர் நிமிரும் வரை கைதட்டுங்கள்!" அப்படின்னுட்டாரு. கூட்டம் தட்டுது. தட்டுது, தட்டுது, நான் எங்க நிமிர? மாப்பிள்ளையோட மாமா ஒருத்தர் கண்ணு கலங்கி இறங்கி வந்து ஒரு சால்வையை என் முதுகு மேலேயே விரிச்சுப் போட்டுட்டுப் போனாரு, காளை மாட்டுக்குப் போர்த்துற மாதிரி.

சிரிங்க அண்ணாச்சி, பரவாயில்லை. எல்லாரும் சிரிக்கத்தான் செய்யிதாங்க.

இல்லை இல்லை, நீங்க உட்காருங்க. எனக்கு உட்காருறது பிரச்சினை இல்லை, எந்திரிக்கிறதுதான் பிரச்சினை. நான் இந்த பஸ் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே தென்காசி வரைக்கும் வந்துருவேன். இந்தப் பையை மட்டும் உங்க முட்டியோட ஒட்டி நிறுத்திக்கோங்க. கனமாத்தான் இருக்கும். சாதாரண கிட்டார் மாதிரி இல்லை இது. கம்பு நீளம், கம்பி தடிமன். நாலே கம்பிதான். "மீதி ரெண்டு கம்பி அந்து போச்சா தம்பி?"ன்னு எல்லாக் கல்யாணத்துலயும் ஒருத்தர் கேப்பாரு. நீங்களும் கேக்கப் போறீங்கன்னுதான் முன்னாடியே சொல்லிட்டேன்.

எப்படி நிமிர்ந்தேன்னா கேக்கீங்க? ஆபிரகாம் அண்ணன் நிமிர்த்துனாரு. அவரு கீபோர்டு. எனக்குப் பின்னாடியே நிப்பாரு. வலது கையில அடுத்த பாட்டுக்கு ஆரம்ப மியூசிக்கை வாசிச்சுக்கிட்டே, இடது கையால என் பேண்ட்டுக்குப் பின்னால பெல்ட்டைப் பிடிச்சு ஒரே இழு. 'மடக்'னு நிமிர்ந்துட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதையும் பாசம்னு நெனச்சுட்டாங்க.

ஆனா ஒண்ணு, மேடையில ஒருத்தன் பேண்ட்டைப் பிடிச்சு இழுக்கிறது மரியாதையா? நீங்களே சொல்லுங்க.

அன்னிக்கே முதுகு வலின்னு சொல்லியிருக்கலாம்தான். ஏன் சொல்லலைன்னா, அதுக்கு உங்களுக்கு ஒரு விசயம் புரியணும். எங்க மாதிரிக் குழுவுல டிரம்ஸ் இல்லாம முடியாது, கீபோர்டு இல்லாம முடியவே முடியாது. பேஸ் கிட்டார்காரன் வரலைன்னா? கீபோர்டுக்காரர் இடது கையை ஓரமாக் கொண்டு போயி 'தும் தும்'னு வாசிச்சுருவாரு. பேஸ் முடிஞ்சுது. வேன்ல ஒரு ஆள் குறைவு, சாப்பாட்டுல ஒரு இலை குறைவு. எனக்குப் பின்னாலேயே நின்னுக்கிட்டு இருக்கு அண்ணாச்சி அந்த இடது கை. ஆபிரகாம் அண்ணன் நல்லவர் மாதிரித்தான் இருப்பாரு. ஆனா ஆளை நம்பலாம், அந்தக் கையை எப்படி நம்ப?

எனக்குப் போறதுக்கு வேற இடமும் கிடையாது. பன்னெண்டாவது பாதியில நிறுத்திட்டேன். யாரும் நிறுத்தலை, நானாத்தான் நிறுத்துனேன். ஒரே பெஞ்சுல உட்கார்ந்து ஒரே ஆளு பேசுறதை முக்கால் மணி நேரம் கேக்க முடியலை. அப்பா கொத்தனாரு. "படிக்காட்டி சாந்துச் சட்டியைத் தூக்கு"ன்னாரு. ரெண்டு நாள் தூக்குனேன். மூணாம் நாள் மாஸ்டர்ட்ட போயிட்டேன். அவர்ட்ட பழைய பேஸ் கிட்டார் ஒண்ணு சும்மா கெடந்துச்சு, வாசிச்சவரு துபாய் போயிட்டாரு. எட்டு மாசத்துல கத்துக்கிட்டேன், நானே, போனைப் பார்த்து. ஆபிரகாம் அண்ணன் ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சதும் வந்து கொஞ்சம் காட்டிக் கொடுப்பாரு. எல்லா ஞாயித்துக்கிழமையும் வருவாரு. அது பெரிய விசயம் இல்லை, அவருக்கு அன்னிக்கு வேலை கிடையாதுல்லா.

அதனால வலிக்குதுன்னு சொல்லலை. "சும்மாதான் மாஸ்டர், மனசுல தோணுச்சு, வணங்குனேன்"னு சொல்லிட்டேன்.

அதுதான் தப்பாப் போச்சு. மாஸ்டருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "ஏண்டே, இதை எல்லாக் கல்யாணத்துலயும் வச்சுக்கிடுவோம்டே! வேற எந்தக் குழுவுலயும் இல்லாத ஐட்டம்!"னுட்டாரு. நோட்டீஸ்ல போடக்கூட யோசிச்சாரு. அடுத்த கல்யாணம் அம்பாசமுத்திரம், குனிஞ்சேன். அதுக்கடுத்தது களக்காடு, குனிஞ்சேன். ஒவ்வொரு தடவையும் 'டக்', ஒவ்வொரு தடவையும் பின்னால இருந்து பெல்ட்டைப் பிடிச்சு ஒரு இழு. வாழ்த்து வாங்குன பொண்ணு மாப்பிள்ளை எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. எனக்குத்தான் காலையில செருப்பு மாட்ட முடியலை.

களக்காட்டுல இருந்து வேன்ல திரும்பும்போது ஆபிரகாம் அண்ணன் காதோட காதா, "ஏல, மாஸ்டர்ட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"ன்னாரு.

பார்த்தீங்களா? அவருக்கு என்ன அவசரம்?

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்"னேன்.

"அப்பம் அந்தக் கிட்டாரையாவது மேல ஏத்தி மாட்டுல. முழங்கால்ல தொங்குது."

இதைத்தான் எல்லாரும் சொல்லுதாங்க. கிட்டார் வாரை ஏத்து, கிட்டார் வாரை ஏத்து. அண்ணாச்சி, பேஸ் கிட்டார்னா கீழ தொங்கணும். கை நீட்டி வாசிக்கணும். அதுதான் பார்க்க நல்லா இருக்கும். நெஞ்சு வரைக்கும் ஏத்தி மாட்டுனா சுண்டல் தட்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வர்றவன் மாதிரி இருக்கு. வலி அதனால வரவே இல்லை. வேன் சீட்டு சரியில்லை. வீட்டுல தலகாணி சரியில்லை. அந்த ஸ்பீக்கர் பெட்டியை ஏத்தி இறக்குறது, அது வேற. அதை முக்கால்வாசி ஆபிரகாம் அண்ணன்தான் தூக்குவாரு. ஆனாலும் பக்கத்துல நின்னு பிடிக்கணும்ல?

எங்க அப்பாவுக்கு இதைக் கேட்டா ஒரே சிரிப்பு. "முப்பது வருசமா செங்கல் தூக்குறவன் நான். நாலு கம்பியை நோண்டுறவனுக்கு முதுகு வலியாம்!" அம்மா தைலம் தேய்ச்சு விட்டா, "நல்லாத் தேயி, பாவம், கம்பி ரொம்பக் கனம்" அப்படிம்பாரு. ஒருநாள் காலையில நான் பல்லு விளக்கிக்கிட்டு நிக்கேன், சத்தமே இல்லாம பின்னால வந்து பிடரியில எதையோ வச்சாரு. சில்லுன்னு இருந்துச்சு. பார்த்தா தூக்குக்குண்டு. செவரு நேரா இருக்கான்னு பார்க்கக் கயித்துல தொங்கவிடுவாங்கல்லா, அது.

"ஏல இசக்கி, மூணு இஞ்சு வெளியே நிக்க. செவரா இருந்தா இடிச்சுட்டு மறுபடி கட்டச் சொல்லியிருப்பேன்."

அம்மா சிரிச்சுச் சிரிச்சுக் கீழே உட்கார்ந்துட்டா. இவருக்கு முதுகு வலின்னாலே என்னன்னு தெரியாது அண்ணாச்சி, அதுதான் விசயம். தினமும் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இடுப்புல ஒரு துண்டைச் சுத்தி, அம்மாவை ஒரு முனையைப் பிடிச்சு இழுக்கச் சொல்லி, மூச்சை அடக்கி இறுக்கிக் கட்டுவாரு. அது அவருக்கு ஒரு பழக்கம், அவ்வளவுதான். வலி எல்லாம் கிடையாது.

சரி, நாலாவது கல்யாணத்துக்கு வாரேன். சங்கரன்கோவில். பெரிய கல்யாணம். ஒரு பாட்டு, அதுல நிறைய வயலின் வரும், கீபோர்டுலதான் அதை வாசிக்கணும். ஆபிரகாம் அண்ணன் முதல்லயே சொன்னாரு: "இந்தப் பாட்டுல மட்டும் குனிஞ்சிராதல. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

சரின்னுதான் சொன்னேன். ஆனா வீடியோக்காரன் என் பக்கம் கேமராவைத் திருப்புனான். நான் என்ன செய்ய? நான் மேடை ஏறுனதுல இருந்து முத தடவையா ஒரு கேமரா பேஸ் கிட்டார் பக்கம் திரும்புது. குனிஞ்சேன்.

டக்.

பின்னால இருந்து கை வரலை. வயலின்தான் வருது. மாஸ்டர் வழக்கம்போல ஆரம்பிச்சுட்டாரு, தலைவணங்கி வாழ்த்துகிறார், கைதட்டுங்கள். தட்டுனாங்க. அடுத்த பாட்டு ஆரம்பிச்சாச்சு. நான் குனிஞ்ச மேனிக்கே வாசிக்கேன். ஒரு நோட்டு தப்பலை அண்ணாச்சி, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. முன்வரிசையில ஒருத்தர், "பய நன்றி உள்ள பயடே, இன்னும் எந்திரிக்கலை பாரு"ங்காரு. இன்னொருத்தர், "அவனுக்கும் ஒரு சால்வையைப் போடுங்கப்பா, அதுக்குத்தான் நிக்கான்"ங்காரு.

கடைசியில கண்டுபிடிச்சது கல்யாணப் பொண்ணு. அந்தக்கா ஆஸ்பத்திரியில நர்ஸாம். மாலையும் கழுத்துமா மேடையை விட்டு இறங்கி வந்து, என் முகத்துக்கு நேரா அதுவும் குனிஞ்சு, "தம்பி, நீ கும்பிடலைல்லா? உனக்கு முதுகு பிடிச்சுக்கிட்டுல்லா?"ன்னு கேட்டுச்சு.

"ஆமாக்கா"ன்னேன்.

அவ்வளவுதான். டிரம்ஸ்காரரும் ஆபிரகாம் அண்ணனும் ரெண்டு பக்கமும் பிடிச்சு, மடக்கு நாற்காலியைத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போயி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அறையில ஒருச்சாய்ச்சுப் போட்டாங்க. சுத்தி சீர்வரிசைத் தட்டு. மூக்குக்கு நேரா ஒரு அன்னாசிப் பழம்.

மாஸ்டர் இடைவேளையில வந்தாரு. முகமே சரியில்லை. "ஏண்டே, நாலு கல்யாணமா? சொன்னா என்னடே?"

"சொன்னா இடது கையிலயே சமாளிச்சிருவீங்க."

எனக்கு மனசுல இருக்கிறதைச் சொல்லித்தான் பழக்கம். மாஸ்டர் திரும்பி ஆபிரகாம் அண்ணனைப் பார்த்தாரு. அவரு அன்னாசிப் பழத்தைப் பார்த்தாரு.

மாஸ்டர், "இப்பமும் அதான் செய்யப் போறேன். ஒரு மாசம் வராத. படு. அதுக்கப்புறம் நிமிர்ந்து நின்னு மூணு மணி நேரம் வாசிக்க முடிஞ்சா வா. முடியலைன்னா உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். உங்க அப்பாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது"ன்னுட்டாரு.

முடிஞ்சுதா? நான் என்ன சொன்னேன், அந்தக் கையை நம்பக் கூடாதுன்னு.

மறுநாளே ஆபிரகாம் அண்ணன் பைக்கோட வந்துட்டாரு, நம்மூரு வண்ணாரப்பேட்டையில ஒரு பிசியோதெரபி இருக்கு, எங்க சர்ச்சுப் பிள்ளைதான், வான்னு. அவருக்குள்ள ஏதோ உறுத்தியிருக்கும்.

பெர்சிஸ் அக்கா. என்னைவிட ஆறு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். ஆனா வாய் இருக்கே! போனதும், "எங்க வலிக்கு?"ன்னுச்சு.

"எல்லா இடமும்."

"எல்லா இடமும் வலிச்சா ஆம்புலன்ஸ்ல வந்திருப்ப. விரலை வச்சுக் காட்டு."

காட்டுனேன். குனியச் சொல்லுச்சு, படுக்கச் சொல்லுச்சு, ஒரு காலைத் தூக்கச் சொல்லுச்சு. எலும்பு எல்லாம் நல்லாத்தான் இருக்காம், சதைதான் பிடிச்சிருக்காம். அந்தச் செவத்துல என்ன தொங்குச்சு தெரியுமா அண்ணாச்சி? கயித்துல ஒரு குண்டு! அதுக்கு முன்னால பக்கவாட்டுல நிக்க வச்சு, காது எங்க, தோள் எங்க, இடுப்பு எங்கன்னு பார்த்து எழுதுச்சு. எழுதிட்டு, "உன் தலை உனக்கு முன்னாடி போகுது, நீ பின்னாடி வாற"ன்னுச்சு. அப்பாட்ட இதைச் சொன்னதுதான் தப்பு. தெரு முழுக்கச் சொல்லிட்டாரு, டாக்டரும் தூக்குக்குண்டுதான் வச்சிருக்காகன்னு.

மறுதடவை கிட்டாரைக் கொண்டு வரச் சொல்லுச்சு. நிலைக்கண்ணாடி முன்னால நின்னு வாசிக்கச் சொல்லுச்சு. வாசிச்சேன். நல்லாத்தான் வாசிச்சேன். அந்தக்கா கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருந்துட்டு, "இசக்கி, கிணத்துக்குள்ள வாளி விழுந்துட்டுன்னா எப்படி எட்டிப் பார்ப்போம்?"ன்னுச்சு.

"எப்படி?"

"இப்படித்தான். கண்ணாடியைப் பாரு."

பார்த்தேன். சரி, கொஞ்சம் அந்த மாதிரித்தான் இருந்துச்சு. இடது தோள் ஒரு பக்கம் இறங்கி, கழுத்து முன்னால நீண்டு. நோட்டு எங்க இருக்குன்னு பார்க்கணும்னா எட்டித்தான பார்க்கணும்?

"ஏன் பார்க்கணும்? மேல ஏத்தி மாட்டு, பார்க்காம வாசி. கை தானாப் போகும்"னு வாரைப் பிடிச்சு நாலு ஓட்டை ஏத்திருச்சு. கிட்டார் தொப்புளுக்கு மேல வந்துட்டு.

"அக்கா, சுண்டல் விக்கிறவன் மாதிரி இருக்கு."

"சுண்டல் விக்கிறவங்க யாரும் இங்க முதுகு வலின்னு வரலையே."



அப்புறம் பெரிய பட்டியல். மூணு பாட்டுக்கு ஒரு தடவை கிட்டாரைக் கழட்டி வைக்கணும். பையை ஒத்தைத் தோள்ல மாட்டக் கூடாது. ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. நிகழ்ச்சின்னா உயரமான ஸ்டூல்ல உட்கார்ந்து வாசிக்கணும், கால் தரையில படணும். தினமும் செவத்துல சாஞ்சு குதிகால், இடுப்பு, தோள், தலை நாலும் படுற மாதிரி நின்னு பத்து எண்ணணும். மல்லாக்கப் படுத்து முட்டியை மடக்கி வயித்தை உள்ள இழுத்துப் பத்து எண்ணணும். காலையில, மத்தியானம், சாயங்காலம். முதல் நாள் செஞ்சேன். ரெண்டாம் நாள் செஞ்சேன்னு சொன்னேன்.

ஆபிரகாம் அண்ணன் அடுத்த வாரம் ஒரு வாரைக் கொண்டு வந்து கொடுத்தாரு. ஒரு சாண் அகலம், உள்ள மெத்தை வச்சு, டவுன்ல ஆட்டோவுக்கு சீட்டு தைக்கிற கடையில சொல்லித் தைச்சதாம். தோள்ல அழுத்தாதாம். பார்த்தா குழந்தைக்குத் தொட்டில் கட்டுற துணி மாதிரி இருக்கு. அதுல என் பேர் வேற தைச்சிருக்கு, இ. இசக்கிராஜ்னு, இனிஷியலோட. யாராவது மேடையில இனிஷியல் போட்ட வாரை மாட்டுவாங்களா? அது பைக்குள்ள இருக்கு. வெளியே எடுக்கலை.

படுத்துக்கெடந்தா என்ன தோணும் அண்ணாச்சி? நம்மளைத் தேடுதாங்களான்னுதான் தோணும். பதிமூணாம் நாள் எங்க ஏரியாவுலயே கல்யாணம், எங்க குழுதான். சட்டையைப் போட்டுக்கிட்டுப் போயிட்டேன். யார் வீட்டுக் கல்யாணம்னு இப்ப வரைக்கும் தெரியாது. கடைசியில, ஐஸ்கிரீம் கொடுக்கிற இடத்துல போயி நின்னேன்.

ஆரம்பிச்சாங்க. இப்பம் பேஸ் இல்லாம ஒரு மாதிரி இருக்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க, என்னமோ குறையுதேன்னு கேப்பாங்கன்னு பார்க்கேன். பிள்ளைங்க அதே மாதிரி ஆடுது. மாப்பிள்ளையோட கூட்டாளிங்க அதே மாதிரி விசில் அடிக்காங்க. ஒருத்தரும் திரும்பலை. பக்கத்துல ஒரு அக்கா ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டு நின்னாங்க. தாங்க முடியாம அவங்கள்ட்டயே கேட்டுட்டேன்.

"யக்கா, பாட்டுல என்னமோ குறையிற மாதிரி இல்ல?"

அந்தக்கா கொஞ்ச நேரம் கவனிச்சுக் கேட்டாங்க. "ஆமா தம்பி, ஏசி பத்தலை"ன்னாங்க.

சிரிக்காதீங்க. இதுக்கு மட்டும் சிரிக்காதீங்க அண்ணாச்சி. ஐஸ்கிரீம் கப்பைக் கையில வச்சுக்கிட்டு அங்கேயே நின்னேன், அது உருகி முழங்கை வரைக்கும் வந்துட்டு. இந்த பேஸை நம்பித்தான் சாந்துச் சட்டியை விட்டேன், இதுக்காகத்தான் எட்டு மாசம் விரல்ல கொப்புளம். இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னா எதுக்கு வாசிக்க?

இடைவேளையில ஆபிரகாம் அண்ணன் என்னைப் பார்த்துட்டு வந்துட்டாரு. இடது மணிக்கட்டுல பட்டையாத் துணி சுத்தியிருந்துச்சு. ரெண்டு கை வேலையை ஒரு கை சேர்த்துச் செஞ்சா வீங்கத்தான செய்யும். பார்த்ததும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. இருந்துச்சு, அதைச் சொல்லுறதுல என்ன இருக்கு.

"ஏல, சீக்கிரம் தேறி வால"ன்னாரு.

"எதுக்கு? யாருக்கும் வித்தியாசமே தெரியலையே."

"எனக்குத் தெரியுது. பாட்டுக்குள்ள காலை வைக்கேன், தரையைக் காணும். உனக்கு எப்படில புரிய வைக்க? நீ வாசிக்கும்போது நான் எங்க வேணா போயிட்டு வருவேன். இப்பம் இந்தக் கையைப் பார்த்துக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு."

வாய் நல்லா இருக்குல்லா? இப்படித்தான் பேசுவாரு. நம்மளைப் பேச்சுலேயே குளிப்பாட்டி அனுப்பி வச்சுட்டு, அவரு திரும்பிப் போயி அந்த இடது கையிலதான வாசிச்சாரு?

ஆனா அந்தத் தரை விசயம் மட்டும் மண்டைக்குள்ளேயே கெடக்கு. படுத்தா அதுதான் ஓடுது. அதான் இன்னிக்குக் கிளம்பிட்டேன். தென்காசியில வரவேற்பு, ஆறு மணிக்கு ஆரம்பம். பதினெட்டு நாள்தான் ஆகுது, தெரியும். மாஸ்டர் காலையில போன் பண்ணி, "எங்கேயும் வந்துராத, படு"ன்னாரு. சரின்னேன். அப்பா வேலைக்குப் போனதும் அம்மாட்ட பெர்சிஸ் அக்காவைப் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு… ஒரு நிமிசம் அண்ணாச்சி, போன்.

"அண்ணே… ஆங்… வீட்டுலதான்ணே, படுத்திருக்கேன்… அது டிவி சத்தம்… டிவியில பஸ்ஸு… சரி, பஸ்ஸுலதான்… பாவூர்சத்திரம்… நின்னுக்கிட்டுத்தான் வாரேன்… எங்க அப்பாவா?… அவரு எப்பம் உங்களுக்குப் போன் பண்ணுனாரு?… ம்… ம்… எத்தனை பாட்டு?… ஸ்டூலா?… ம்… சரிண்ணே… சரின்னுட்டேன்ல."

பார்த்தீங்களா. எங்க அப்பா மத்தியானம் சாப்பிட வந்திருக்காரு, பையைக் காணலைன்னதும் நேரா ஆபிரகாம் அண்ணனுக்குப் போனைப் போட்டுருக்காரு. "பய செவத்தோட நிக்க மாட்டான், கிளம்பிட்டான், அங்க கொஞ்சம் பார்த்துக்கிடுங்க"ன்னாராம். இவங்க ரெண்டு பேரும் எப்பம் கூட்டுச் சேர்ந்தாங்கன்னே தெரியலை.

இவரு போயி மாஸ்டர்ட்ட பேசியிருக்காரு. அவரு முதல்ல குதிச்சாராம். அப்புறம், நாலே பாட்டு, ஸ்டூல்ல உட்கார்ந்து, கிட்டாரை மேல ஏத்தி மாட்டி, குனியாம வாசிச்சா சரின்னுருக்காரு. குனிஞ்சா அதோட கடைசி. ஸ்டூலு கூட எங்கேயோ தேடி, மண்டபத்துச் சமையக்கட்டுல இருந்து ஆபிரகாம் அண்ணன் வாங்கிப் போட்டுட்டாராம், கீபோர்டுக்குப் பக்கத்துலயே.

நாலு பாட்டு. உங்களுக்கு அது பெருசாத் தெரியாது. பதினெட்டு நாளா ஒரு பாட்டு கிடையாது எனக்கு.

கடைசியா என்ன சொன்னாரு தெரியுமா? "பஸ் ஸ்டாண்டுல இறங்குன இடத்துலயே நில்லு. கிட்டாரைத் தூக்காத. பக்கத்துல யாரையாவது இறக்கி வைக்கச் சொல்லு. நான் பைக்கை எடுத்துக்கிட்டு வந்து, அதையும் உன்னையும் ஏத்திக்கிட்டுப் போறேன். நடந்து வரணும்னு நெனைக்காத, கேட்டியா? கால் மணி நேரம் நில்லு."

நின்னா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. அவரு முன்னால கிட்டாரை வச்சுக்கிட்டு, நான் பின்னால ஒருச்சாய்ஞ்சு உட்கார்ந்து, மண்டப வாசல்ல இறங்குனா குழு பூராவும் பார்க்கும். நோயாளியை ஏத்திக்கிட்டு வந்த மாதிரி. ஸ்டூல்ல உட்காரச் சொல்லுதாங்க, சரி, உட்காருதேன். ஏத்தி மாட்டச் சொல்லுதாங்க, பார்ப்போம். உள்ள போறது மட்டும் நான் என் முதுகுல போட்டுக்கிட்டு, நிமிர்ந்து நடந்துதான் போவேன். அதுகூட வேண்டாமா?

அதுக்கு மேல இவரு கீபோர்டை விட்டுட்டு எனக்காக வந்து நின்னா அங்க சவுண்டு யார் பார்ப்பா?

வந்தாச்சு. இந்த வளைவுதான் ஸ்டாண்டு. மண்டபம் இங்கேருந்து ரொம்பத் தூரம் இல்லை, ரெண்டு தெருதான்.

அண்ணாச்சி, அந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. இல்லை, கீழே வைக்க வேண்டாம். இப்படி, என் தோளுக்கு. வலது பக்கம் மட்டும் மாட்டுங்க போதும், இடது பக்கம் கை பின்னால போகாது. ஆங். அவ்வளவுதான்.

ஆ… ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. வழி விடுங்க, நான் இறங்கிக்கிடுதேன். அந்தக் கடை ஓரமா வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, பைக்கை நிறுத்திட்டு, பஸ் பஸ்ஸா எட்டிப் பார்த்துக்கிட்டு நிக்காருல்லா, அதுதான் ஆபிரகாம் அண்ணன். கால் மணி நேரம்னுட்டு அதுக்குள்ள வந்து நிக்காரு பாருங்க. நான் பின்வாசல் வழியா இறங்கிப் போறேன். என்னையக் கேட்டா, பார்க்கலைன்னு சொல்லிருங்க.